மாலை வெயிலில் தெரியாத முகம்

"காலையில என்னைத் தெரியுது, சாயங்காலம் தெரியலைன்னா அது என்ன கேமரா தம்பி?"

மாசாயில் எங்கள் தாமானில் குடியிருக்கும் ஓர் அண்ணன், தே தாரிக் வந்து சேர்வதற்குள் கேட்ட கேள்வி இது. பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வருகைப் பதிவுக்கு முன்பெல்லாம் அட்டை இருந்தது. இப்போது சுவரில் ஒரு கருவி. எதிரே நின்று முகத்தைக் காட்டினால் பெயர் வரும். காலை ஆறரை மணிக்கு நின்றவுடன் வந்துவிடுகிறது. மாலையில் வேலை முடிந்து வெளியே போகும்போதுதான் 'மீண்டும் முயற்சி செய்க' என்கிறது. ஒருநாள் வேறொருவர் பெயரே வந்திருக்கிறது. வெளியேறிய நேரம் பதியாவிட்டால் ஓவர்டைம் கணக்கில் ஏறாது. அதனால் அவருக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. கணினிப் பார்வைத் துறைக்கோ இது முப்பது வருடத்துக்கு மேலாக விடாமல் துரத்தும் கேள்வி. அன்று அவரிடம் சொன்னதையும் நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் வெயிலைப் பார்த்துவிடுவோம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததிலிருந்து, இங்கே பொழுது விடிவது ஏழு மணி வாக்கில். காலை ஷிப்டுக்கு ஆறரை மணிக்கு வருகிறவர் இருட்டில் வருகிறார். அவர் முகத்தில் விழுவது கூரை விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். அது இன்றும் நாளையும் ஒரே மாதிரி இருக்கும். மாலை ஆறு மணிக்கு நிலைமை வேறு. சூரியன் மேற்கே, அடிவானத்திலிருந்து இருபது பாகை உயரம்கூட இல்லாமல் நிற்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் வருடம் முழுக்க அது மேற்கை விட்டு அதிகம் விலகாது. மழைமேகம் வந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் இருண்டுவிடும், மேகம் விலகினால் மறுபடி கண் கூசும்.

"உங்க கருவி எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கு அண்ணே?" என்று கேட்டேன். "கண்ணாடிக் கதவைப் பார்த்து" என்றார். கதவு மேற்கே. அவர் கருவியைப் பார்த்து நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் சூரியன். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் மீதிப் பாதிதான் சுவையானது.

நமக்கு முகமாகத் தெரிவது கேமராவுக்கு எண்களின் அட்டவணை. படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. அண்ணன் முகத்தில் நான்கே நான்கு இடங்களை எடுத்துக்கொள்வோம்: நெற்றி, புருவம், கன்னம், மூக்கோரம். பெயர் பதிந்த நாளின் காலையில் நல்ல வெளிச்சத்தில் அவை 120, 40, 110, 60 என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் அதே இடங்கள் 60, 20, 55, 30 ஆகிவிடும். இப்போது அவருடன் வேலை செய்யும் இன்னொருவர், நல்ல வெளிச்சத்தில் பதிந்த முகம்: 105, 55, 120, 75.

நேரடியாகக் கழித்துப் பாருங்கள். அண்ணனின் காலைப் படத்துக்கும் மாலைப் படத்துக்கும் வித்தியாசம் 60, 20, 55, 30. கூட்டினால் 165. அண்ணனின் காலைப் படத்துக்கும் அந்த இன்னொருவரின் படத்துக்கும் வித்தியாசம் 15, 15, 10, 15. கூட்டினால் 55. எண்களை மட்டும் நம்பும் கணினிக்கு, மாலை அண்ணனைவிட அந்த இன்னொருவர்தான் காலை அண்ணனுக்கு நெருக்கம்! எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை. ஆனால் விளைவு கற்பனை இல்லை. இஸ்ரேலின் யேல் அடினி, யேல் மோசஸ், ஷிமோன் உல்மான் மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. வெளிச்சம் வரும் திசை மாறும்போது ஒரே ஆளின் இரு படங்களுக்கிடையே உண்டாகும் வேறுபாடு, பெரும்பாலும் இரு வேறு ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. அண்ணனுக்கு வேறொருவர் பெயர் வந்ததற்கான துப்பு இங்கேதான் இருக்கிறது.

சரி, எப்படிச் சமாளிப்பது? மேலே உள்ள எண்களை இன்னொரு முறை பாருங்கள். மாலையில் எல்லாமே பாதியானது. நெற்றிக்கும் புருவத்துக்கும் உள்ள விகிதம் மாறவில்லை: காலையில் 120க்கு 40, மாலையில் 60க்கு 20, இரண்டுமே மூன்று மடங்கு. ஒரே கீர்த்தனையை ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ஐந்து கட்டையிலும் பாடினால் ஒவ்வொரு ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் வேறாகிவிடும். ஆனாலும் ராகம் அதேதான் என்று காது சொல்லிவிடும், ஏனென்றால் ஸ்வரங்களுக்கிடையே உள்ள விகிதம் மாறுவதில்லை. படப் பொருத்தத்தில் வெளிச்சத்தைச் சமாளிக்க வந்த பழைய வழிகள் பெரும்பாலும் இந்த ஒரே எண்ணத்தின் கிளைகள். புள்ளியின் அளவை நம்பாதே, அண்டைப் புள்ளிகளோடு அதற்குள்ள உறவை நம்பு.

கணக்காகச் செய்வது எளிது. நான்கு எண்களின் சராசரியை எடுத்து ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். காலைப் படத்தின் சராசரி 82.5. கழித்தால் 37.5, -42.5, 27.5, -22.5. மாலைப் படத்தின் சராசரி 41.25. கழித்தால் 18.75, -21.25, 13.75, -11.25. அப்படியே பாதி. இப்போது இரண்டையும் அவற்றின் பரவல் அளவால் வகுத்துவிட்டால் இரு பட்டியலும் ஒன்றாகிவிடும். பொருத்தம் 1, அதாவது முழுப் பொருத்தம். அந்த இன்னொருவரை இதே வழியில் ஒப்பிட்டால் 0.95 வருகிறது. நான்கு புள்ளிகளில் இவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எவ்வளவு தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். சராசரியைக் கழிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. லென்ஸ் மேல் தூசி படிந்து, வெயில் பட்டு, படம் முழுக்கப் பால் ஊற்றினதுபோல் எல்லா எண்ணிலும் 20 கூடிவிட்டாலும் கழித்தலில் அது காணாமல் போய்விடும்.

இதற்கும் ஒரு படி மேலே போனவர்கள் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோ ஓயாலா, மத்தி பியெத்திகைனென் குழுவினர். 1990களின் நடுவில் அவர்கள் முன்வைத்த முறையில் எண்ணின் அளவே தேவையில்லை. ஒரு புள்ளியை எடு. அதைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளில் எவை அதைவிட வெளிச்சம், எவை அதைவிட இருட்டு என்று மட்டும் கேள். வெளிச்சம் என்றால் 1, இருட்டு என்றால் 0. எட்டு விடைகள் சேர்ந்து ஒரு குறியீடு, மொத்தம் 256 விதம். படத்தை இருட்டாக்கினாலும் வெளிச்சமாக்கினாலும், எது பெரிது எது சிறிது என்ற வரிசை கெடாதவரை குறியீடு மாறாது. நம் உதாரணத்தில் அண்ணனுக்குக் கன்னத்தைவிட நெற்றி பளிச்சென்று இருந்தது, காலையிலும் மாலையிலும். அந்த இன்னொருவருக்கு நெற்றியைவிடக் கன்னம் பளிச். அந்த ஒரு கேள்வியே இருவரையும் பிரித்துவிடுகிறது. 2004இல் இதே குழு இந்த முறையை முகங்களுக்குப் பயன்படுத்திக் காட்டியபோது, எளிமைக்காகவே அது உலகம் முழுக்கப் பரவியது.

கட்டடம், பெயர்ப்பலகை, கோபுரம் போன்றவற்றை இரு படங்களில் பொருத்துவதற்குக் கனடாவின் டேவிட் லோவ் 1999இல் அறிமுகம் செய்து 2004இல் விரிவாக எழுதிய 'சிஃப்ட்' முறையும் இந்த வழிதான். அவர் புள்ளிகளின் அளவை விட்டுவிட்டு, வெளிச்சம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்ற சரிவை எடுத்துக்கொண்டார். சரிவுகளின் பட்டியலை மொத்த நீளம் 1 ஆகும்படி சுருக்கினார். அதோடு நிறுத்தவில்லை. சுருக்கிய பட்டியலில் எந்த எண்ணும் 0.2ஐத் தாண்டக்கூடாது என்று வெட்டிவிட்டு மறுபடி சுருக்கினார். பக்கவாட்டில் பலமான வெயில் அடித்தால் ஓரிரு சரிவுகள் மட்டும் பூதாகரமாகி மற்றவற்றை அமுக்கிவிடும். அளவு கெட்டாலும் திசை அவ்வளவாகக் கெடாது. ஆகவே அளவுக்கு ஓர் உச்சவரம்பு போட்டு, திசைக்கு மதிப்புக் கூட்டினார். அந்தச் சிறிய 0.2இல் எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. வெளிச்சம் எப்படிப் பொய் சொல்லும் என்று நன்றாகப் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும்.

இவ்வளவு இருந்தும் அண்ணனின் கருவி ஏன் தவறுகிறது?

இந்த முறைகள் எல்லாம் வெளிச்சம் முகம் முழுக்கச் சீராகக் கூடினால் அல்லது குறைந்தால் நன்றாக வேலை செய்யும். நிழல் விழுந்தால் சிக்கல். மூக்கின் நிழல் கன்னத்தில் விழும்போது அங்கே ஒரு விளிம்பு உண்டாகிறது. சரிவைத் தேடும் முறைக்கு அது முகத்திலேயே உள்ள கோடாகத் தெரியும். சூரியன் நகர்ந்தால் கோடும் நகரும். மேலே சொன்ன 1997 ஆய்விலேயே, விளிம்புப் படம், சரிவு, மடக்கை என்று பலவற்றைச் சோதித்துவிட்டு, எதுவும் தனியாக நின்று வெளிச்சத் திசை மாற்றத்தை முழுதாக வெல்லவில்லை என்றே எழுதினார்கள்.

மினுக்கம் இன்னொரு தொல்லை. இதற்கு ஜொகூர் பாருவிலேயே உலகத்தரமான பாடசாலை இருக்கிறது, ஜாலான் தெப்ராவ் பக்கத்தில் உள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம். 1922இல் சிறு ஆலயமாகத் தொடங்கியது. பின்னாளில் சுவர், தூண், கூரை என்று எங்கும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்து எழுப்பினார்கள். துண்டுகள் மூன்று லட்சம் என்று சொல்வார்கள். அங்கே ஒரு தூணைப் படம் எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று மறுபடி எடுங்கள். முதல் படத்தில் சுடர்விட்ட துண்டுகள் இரண்டாவதில் அணைந்திருக்கும். அணைந்திருந்தவை சுடர்விடும். சாதாரணச் சுவர் தன்மேல் விழுந்த ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும், எங்கே நின்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு தெரியும். கண்ணாடி அப்படிச் செய்யாது. விளக்கு, துண்டு, பார்ப்பவர் மூன்றும் சரியான கோணத்தில் அமைந்தால் மட்டுமே மின்னும். ஆகவே மின்னும் புள்ளி தூணுக்கு மட்டும் சொந்தமில்லை. நீங்கள் நிற்கும் இடத்துக்கும் சேர்த்துச் சொந்தம். அண்டைப் புள்ளியோடு உள்ள விகிதம் என்ற நம் தந்திரம் அங்கே பலிக்காது. போதாததற்கு, சுற்றியுள்ளவற்றிலிருந்து சட்டென்று வேறுபடும் இத்தகைய புள்ளிகளைத்தான் பொருத்தும் முறைகள் முதலில் தேடி எடுக்கும்.

அப்படிக் கிடைக்கும் பொய்ப் பொருத்தங்களைக் களைய 1981இல் ஃபிஷ்லர், போல்ஸ் இருவரும் தந்த வழி இன்னும் கைகொடுக்கிறது. கிடைத்த பொருத்தங்களில் சிலவற்றை மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்து, கேமரா இப்படி நகர்ந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தை மற்ற பொருத்தங்களில் எத்தனை ஆமோதிக்கின்றன என்று எண்ண வேண்டும். திரும்பத் திரும்பச் செய்து, அதிக ஆதரவு பெற்ற ஊகத்தை வைத்துக்கொண்டு, ஒத்துவராதவற்றைத் தள்ளிவிடலாம். மினுக்கங்கள் ஆளுக்கொரு கதை சொல்லும். தூணின் மூலைகளும் விளிம்புகளும் ஒரே கதையைச் சொல்லும்.

தூணைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் அண்ணனின் நெற்றி. நாள் முழுக்க வேலை செய்தபின், நம் ஊர்ப் புழுக்கத்தில், வியர்வை படிந்த நெற்றியும் மூக்கு நுனியும் கண்ணாடிபோலவே மின்னும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. கேமரா தன் முன்னால் உள்ள காட்சி முழுவதையும் பார்த்து, எவ்வளவு ஒளியை உள்ளே விடலாம் என்று தானே தீர்மானிக்கிறது. கதவு வழியாக மாலை வெயில் பாய்ந்தால் 'அப்பப்பா, அதிகம்' என்று சுருக்கிக்கொள்ளும். அதனால் பின்னணி சரியாக வரும், முகம் இருண்டுவிடும். நல்ல வெளிச்சத்தில் 40 முதல் 120 வரை எண்பது படிகளில் பரவியிருந்த முகம் இப்போது 4 முதல் 12 வரை எட்டே படிகளுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. கேமராவின் சென்சாரில் எப்போதும் ஒன்றிரண்டு எண் அளவுக்கு இரைச்சல் இருக்கும். 120இல் இரண்டு கூடினால் யாருக்கும் தெரியாது. 4இல் இரண்டு கூடினால் புருவம் மூக்கோரமாகிவிடும். எது பெரிது எது சிறிது என்ற வரிசையே குலைந்தபின், பின்லாந்துக்காரர்களின் குறியீடும் உதவாது. படத்தை இழுத்துப் பிரகாசமாக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். சென்சாரில் பதியாமல் போனதை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. மென்பொருளைக் குறை சொல்லும் முன் விளக்கையும் கதவையும் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதில் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு சுமை உண்டு. கறுத்த தோல் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். கதவின் வெயிலுக்காகக் கேமரா தன்னைச் சுருக்கிக்கொள்ளும்போது முதலில் பள்ளத்தில் விழுவது கறுத்த முகம்தான். கறுத்த முகத்தைக் கணக்கில் எடுக்காத பழக்கம் பழையது. கோடாக் நிறுவனம் புகைப்படக் கடைகளின் நிறம் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடுவரை போனது. பயிற்சிக்குத் தந்த படங்களில் யார் முகம் குறைவாக இருந்ததோ அவர்களிடம் பிழை கூடும். அதன்மேல் வெளிச்சமும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைய கருவிகள் கற்றுக்கொள்ளும் வகை. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஃபேஸ்நெட்' மும்மூன்று படங்களாகப் பார்த்துப் பயின்றது: ஒருவரின் ஒரு படம், அவரின் இன்னொரு படம், வேறொருவரின் படம். முதல் இரண்டும் நெருங்க வேண்டும், மூன்றாவது விலக வேண்டும் என்று லட்சக்கணக்கான தடவை திருத்தித் திருத்தி, ஒவ்வொரு முகத்தையும் 128 எண்களாகச் சுருக்கக் கற்றது. வெளிச்சத்தை எப்படிப் புறக்கணிப்பது என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களே சொல்லித்தந்தன. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அது பார்த்துப் பழகாத வெளிச்சத்தில் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வெளிச்சத்தோடு மல்லுக்கட்டாமல், தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருவது இன்னொரு வழி. பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் போகிறவர்களுக்கு இது பழக்கம். சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடிகளில் 2020 முதல் முகத்தோடு கருவிழியையும் பார்க்கிறார்கள். கருவிழிப் பதிவில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவது வழக்கம். நம்மைப் போன்ற அடர்பழுப்புக் கண்களில் உள்ள மெலனின் சாதாரண வெளிச்சத்தை விழுங்கிவிடும், கருவிழியின் இழைகள் தெரியாது. அகச்சிவப்பில் அதே மெலனின் வழிவிடுகிறது, இழைகள் ஒவ்வொன்றும் துலங்குகின்றன. முகக் கருவிகளிலும் நல்லவற்றில் இந்த விளக்கு உண்டு. ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. நேரே வெயில் பாய்ந்தால் கருவியின் சின்ன விளக்கு தோற்றுப்போகும். காற்றிலுள்ள நீராவி சூரிய ஒளியில் 940 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பகுதியை நிறைய விழுங்கிவிடுவதால், அந்த அலைநீளத்தில் எரியும் விளக்குள்ள கருவி வெயில் வரும் இடத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அண்ணன் இரண்டாவது தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நான் ஆபீசுல என்ன சொல்லணும் தம்பி?"

கருவியைக் கதவுக்கு எதிர்ச்சுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள் என்றேன். அதுதான் முதலும் முக்கியமும். முடியாவிட்டால் கதவுக்கு மங்கல் ஒட்டுத்தாளோ திரையோ போட்டு, நிற்கிறவர் முகத்துக்கு நேரே ஒரு வெள்ளை விளக்கு. பல கருவிகளில் முகம் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து ஒளியைத் தீர்மானிக்கும் அமைப்பு இருக்கும். அது போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு முகப்பதிவு. காலையில் ஒரு படம் மட்டும் எடுத்து வைத்திருந்தால் போதாது. வேலை முடிந்து வியர்த்த முகத்தோடு, மாலை நேரத்திலும் ஒன்று பதிய வேண்டும். ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படம் வைக்க இடமுள்ள கருவிகள் உண்டு.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள் என்றும் சொன்னேன். புகார் கூடினால் கருவியை விற்றவர்கள் பொருத்த வரம்பைத் தளர்த்திவிட்டுப் போகலாம். எல்லாருக்கும் சட்டென்று பெயர் வரும், புகார் நின்றுவிடும். ஆனால் தளர்ந்த வரம்பு அண்ணனை அண்ணனாக ஏற்பதைப் போலவே இன்னொருவரையும் அண்ணனாக ஏற்கும். அவர் ஓவர்டைம் வேறொருவர் கணக்கில் போகும், யாருக்கும் தெரியாது. 'மீண்டும் முயற்சி செய்க' என்பதாவது கண்ணுக்குத் தெரியும் பிழை. கருவி பக்கச்சுவருக்குப் போகும்வரை, பக்கத்தில் ஒரு பதிவேடும் மேற்பார்வையாளர் கையெழுத்தும் இருக்கட்டும். பதியாத நாளின் நேரத்தை அதில் எழுதிவைத்து, மாதக் கடைசியில் சம்பளக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள் என்றேன்.